ஐம்பத்து நான்காவது சுற்று

ஹோல்மெனிலிருந்து சண்ட்விக்குக்குப்
பதினொரு நிமிடம்.
ஒரு நாளைக்கு இருபத்திரண்டு முறை.
சங்கிலியைக் கழற்று, வண்டிகளை ஏற்று,
சங்கிலியை மாட்டு,
கேப்டனுக்குக் கை காட்டு.
நிரலாக எழுதினால் நாலே வரி.
அதற்கு மேலே இன்னொன்று:
இதை இருபத்திரண்டு முறை செய்.
என் சம்பளச் சீட்டும்
கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதியிருக்கிறது.

குளிர்காலத்தில் வண்டி குறைவு.
ஒரு மீன் லாரி, ஒரு தபால் வேன்,
பல் வைத்தியரிடம் போகிற யாராவது.
டீசல் வாசனையும் வாஃபிள் வாசனையும்
ஒன்றையொன்று முட்டித் தள்ளும் மேசையில்
மடிக்கணினியைத் திறக்கிறேன்.
வசந்தத்தில் பொறியியல் நுழைவுத் தேர்வு.
எனக்கு முப்பத்தொன்பது.
கணக்கு என்னை விட்டுப் போனது பதினாறில்.
இல்லை, நான்தான் போனேனோ.
யார் முதலில் கதவைச் சாத்தியது என்று
இருவருக்குமே நினைவில்லை.

முதல் வாரம்,
ஒன்றிலிருந்து நூறு வரை கூட்ட வேண்டும்.
எண்ணைக் காட்டச் சொன்னேன்,
கூட்டச் சொன்னேன்,
அடுத்த எண்ணுக்கு நகரச் சொல்ல மறந்தேன்.
ஒன்று
ஒன்று
ஒன்று
என்று திரையில் கொட்டியபடி இருந்தது.
சண்ட்விக் வந்தது, போனது.
ஹோல்மென் வந்தது.
அது இன்னும் ஒன்றிலேயே.
எஞ்சின் பார்க்கும் எய்லர்ட் எட்டிப் பார்த்தான்:
"கயிற்றை அவிழ்க்காமல் துடுப்புப் போடுகிறாய், குன்வோர்."
எரிச்சலோடு அந்த ஒரு வரியைச் சேர்த்தேன்:
எண்ணோடு ஒன்று கூட்டு.
ஐயாயிரத்து ஐம்பது!
இமை மூடித் திறப்பதற்குள்.
யாரிடமும் சொல்லவில்லை.
வாஃபிளுக்கு மட்டும்
இன்னொரு கரண்டி ஜாம்.

இன்றைய பயிற்சி வேறு மாதிரி.
அரையில் தொடங்கு.
அதில் பாதியைக் கூட்டு,
அந்தப் பாதியில் பாதியை,
அதிலும் பாதியை.
மொத்தம் ஒன்றைத் தொடாதவரை
திரும்பத் திரும்பச் செய்.
இது முடியாது. எனக்கே தெரிகிறது.
கடைசியாக வைத்த அடி எவ்வளவோ
அவ்வளவு தூரம் எப்போதும் மிச்சம்.
எதிரே கரை.
மிச்சமோ கரையும், கரையும்,
கரைந்துதான் போகாது,
கரை ஏறவும் விடாது.

ஓட விட்டேன்.
நிறுத்தும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு,
ஓடி ஓடிக் களைக்கட்டும் என்று.
அது நின்றுவிட்டது.
தானாகவே.
ஐம்பத்து மூன்றாம் சுற்றில் ஒன்பதுகளின் வரிசை,
ஐம்பத்து நான்கில்
ஒன்று.

பொய் சொல்கிறது என்றேன்.
எய்லர்ட் கையைத் துணியில் துடைத்தபடி
டீசல் முள்ளைக் காட்டினான்.
"இதுவும் பூஜ்யம் என்கிறது.
இன்னும் இருபது நிமிடம் ஓடும்.
அத்தனை சின்னதைக் காட்ட
முள்ளில் இடமில்லை, அவ்வளவுதான்."
இடமில்லை.
எண்களுக்கும் ஓர் அலமாரி,
அது நிரம்பியதும்
பக்கத்திலிருந்த முழுமையில்
சாய்ந்துகொள்கிறது கணினி.
அப்படிச் சாய்ந்தவர்களை எனக்குத் தெரியும்.
ஒருவரை மணந்தும் இருந்தேன்.

எத்தனை சுற்று என்று கேட்கிறது பயிற்சி நூல்.
ஓரத்தில் இரண்டு விடை எழுதுகிறேன்.
தாளில்: முடிவில்லை.
இங்கே: ஐம்பத்து நான்கு.
எந்த விடைக்கு மதிப்பெண் என்று தெரியவில்லை.

அதற்குள் போர்ஹில்ட் எஞ்சினைத் தணிக்கிறாள்.
கடைசிச் சில மீட்டர்களை
அவள் எப்போதும் தண்ணீரிடமே விட்டுவிடுவாள்.
டயர் மேடையில் உரசுகிற சத்தம்.
அந்தக் கடைசிச் சாணை
இத்தனை வருடத்தில் யாரும் அளந்ததில்லை.

பத்தொன்பதாவது முறை.
பனி ஒட்டிய சங்கிலி கையுறையைப் பிடித்து இழுக்கிறது.
காலையில் கூட்டிப்போனவர்
பல்லைப் பிடுங்கிவிட்டுத் திரும்ப நிற்கிறார்.
பாதி வாய் மரத்துப்போய்,
மீதிப் பாதியால்
சிரிக்கிறார்.